தரைக்குறி

கிழக்குத் தெருவை யாரு இடிச்சாங்கன்னு கீழக்கூவனூர்ல போய்க் கேட்டுப் பாருங்க. ஒருத்தன்கூட கோர்ட்டுன்னு சொல்லமாட்டான், தாலுகா ஆபீஸ்னு சொல்லமாட்டான், அந்தக் கம்பெனிக்காரன்னு செத்தாலும் சொல்லமாட்டான். நேரா பஸ் ஸ்டாப் பக்கத்துல இருக்கற என் செல்போன் கடையைக் கைகாட்டி, "அந்தா, அந்த பலூன்காரிதான்"ம்பான். நல்லாருக்குல்ல? நான் பிறந்த தெரு அது. என் வீடும் சேந்துதான் போச்சு. ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டின்னு சும்மாவா சொன்னாங்க.

ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். நான் யாருகிட்டயும் மன்னிப்புக் கேக்க வரல. பலூன் சரியாப் பறந்துச்சு, படம் சரியா விழுந்துச்சு, அளவும் சரி. எல்லாம் சரியா இருந்ததுதான் எங்க குடியைக் கெடுத்துச்சு. வயித்தெரிச்சல் தாங்காம சொல்றேன், கேக்கறதுன்னா கேளுங்க.

எங்க ஊரு கண்மாய்க்குக் கிழக்க நெடுவான்னு ஒரு கம்பெனி வந்துச்சு. உள்ள என்னன்னா, கம்ப்யூட்டர். ஆளு இல்ல, மாடு இல்ல, வரிசை வரிசையா கம்ப்யூட்டர் மட்டும் ராத்திரி பகலா ஓடும். ஓடுனா சூடாகும், சூடானா தண்ணி வேணும். தண்ணிக்கு எங்க போவான்? கண்மாய்க்குள்ளயே சுவரைத் தள்ளிக் கட்டி, சுவத்துக்கு அங்கிட்டு போர் போட்டு உறிஞ்ச ஆரம்பிச்சான். ரெண்டு கோடை தாங்கல. ஊர்க் கிணறெல்லாம் உப்பாப் போச்சு. டீத்தண்ணி உப்புக் கரிக்கும். தலைக்கு ஊத்துனா முடி சடை விழும். எங்க தெருவுக்குத் தண்ணி லாரி வந்தா வந்துச்சு, இல்லாட்டி இல்ல.

மனுக் கொடுத்தோம். அளக்க ஆளு வந்தாரு. கம்பெனி வாசல்ல எளநி குடிச்சாரு. சங்கிலியை நாலு தடவை இழுத்துப் போட்டாரு. சுவரு எல்லைக்கு வெளியதான் இருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. கண்மாய்க்குள்ள நிக்கற சுவரு எல்லைக்கு வெளிய! அந்த எளநி என்ன எளநியோ.

"ஏன்டி வினோ, முன்னாடியெல்லாம் போன்லயே ஊரு தெரியுமாம்ல? மேல இருந்து எட்டிப் பாத்த மாதிரி? எங்கப்பா சொல்லுவாரு" அப்படின்னு ஒருநாள் பூங்கோதை அக்கா கேட்டுச்சு. அது எங்க தெருவுல டெய்லர். ஒத்தக்கட்டை. புருசன் போய்ச் சேந்தபிறகு கண்மாய் ஓரத்துல தானா ஒரு வீடு எழுப்பி, ஒரு தையல் மிஷினை வச்சுப் பொழைச்சுக்கிட்டு இருந்துச்சு. மதியத்துக்கு மேல என் கடையிலதான் வந்து உக்காந்திருக்கும்.

"தெரிஞ்சுச்சுக்கா. இப்ப மேல பூராவும் குப்பை. ஒரு சாட்டிலைட்டு இன்னொண்ணுல மோதி, ஒடஞ்ச துண்டு அடுத்ததுல மோதி, பாதிக்குப் பாதி செத்துப்போச்சு. மிச்சத்தை நாலு பெரிய கம்பெனி வச்சிருக்கான். அவன்கிட்ட நம்ம ஊரு படத்தை வாங்கணும்னா ஊரையே வித்துக் கொடுக்கணும்."

"அப்ப நீயும் பாயும் விடறது?"

"அது ஏழை வீட்டு சாட்டிலைட்டு. மேல போகும், படம் எடுக்கும், வெடிக்கும், கீழ விழும்."

"நம்மளை மாதிரியேதான்" அப்படின்னு சொல்லிட்டு அக்கா நூலைப் பல்லால கடிச்சுத் துப்புச்சு.

பாய்னு சொன்னது அஸ்கர் பாயை. கல்யாண வீட்டுக்கு பலூன்ல வளைவு கட்டறவரு. ஹைட்ரஜன் சிலிண்டர் அவருகிட்ட எப்பவும் இருக்கும். என்கிட்ட செத்துப்போன போன் மூட்டை மூட்டையா இருக்கும். போன் செத்தாலும் அதோட கேமரா சாகாது. ஆறு கேமராவைப் பிரிச்சு, ஒரு தெர்மாகோல் பெட்டிக்குள்ள வச்சு, லென்ஸ் மாட்டி, பெரிய பலூன்ல கட்டி விடுவோம். முப்பது கிலோமீட்டர் போகும். ஏரோப்ளேன் போறதுக்கும் ரொம்ப மேல. ஒரு காரியமும் கிடையாது, பகல்ல வானம் கறுப்பா இருக்கறதைப் பாக்கணும்னு ஆசை, அவ்வளவுதான். அந்தக் கறுப்பு வானத்தைப் படமா எடுத்துக் கடைச் சுவத்துல ஒட்டி வச்சிருந்தேன். அது சும்மா ஒட்டியே இருந்திருக்கலாம்.

வக்கீல் தேவசகாயம் சாரு போன் டிஸ்ப்ளே மாத்த வந்தவரு, அந்தப் படத்தைப் பாத்துட்டு அப்படியே நின்னுட்டாரு.

"இதை யாரும்மா எடுத்தது?"

"நாங்கதான் சார். ஏன், திருடுன படம் மாதிரி தெரியுதா?"

"கோவிச்சுக்காதம்மா. வான்சான்றுச் சட்டம்னு ஒண்ணு வந்திருக்கு தெரியுமா? சாட்டிலைட் படம் வாங்கக் கவர்மெண்டுக்கே கட்டுப்படியாகல. அதனால பதிவு பண்ண பலூன் குழு எடுத்த படமும் கோர்ட்ல சாட்சிதான்னு சொல்லிட்டாங்க. சுவரு கண்மாய்க்குள்ள இருக்குன்னு மேல இருந்து ஒரு படம் எடுத்துக் கொடு. நான் உடைச்சுக் காட்டறேன்."

"ட்ரோன் விட்டா அவன் எல்லைக்குள்ளயே சுட்டு வீழ்த்திருவான் சார்."

"ட்ரோன் அவன் ஆகாயத்துல பறக்குது. முப்பது கிலோமீட்டர் மேல எவன் ஆகாயமும் இல்ல" அப்படின்னாரு. எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு.

சும்மா படம் எடுத்தாப் பத்தாது. படத்துல தெரியற இடத்துல குறைஞ்சது நாலு குறி தரையில வைக்கணும், வெள்ளைச் சிலுவை மாதிரி. அந்த நாலும் எங்க இருக்குன்னு முன்கூட்டியே ஜில்லா ஆபீஸ்ல அளந்து பதிஞ்சிருக்கணும். அதுக்குப் பேரு தரைக்குறி. அதை வச்சுத்தான் படத்துல இருக்கற மத்ததெல்லாம் எத்தனை மீட்டர், எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு கணக்குப் பண்ணுவாங்க.

"குறிக்குப் பக்கத்துல இருக்கறது துல்லியமா வரும். தள்ளிப் போகப் போக அளவு கொஞ்சம் கலங்கும். மேல மறைப்பு இருக்கக்கூடாது, ஆடு மாடு மிதிக்கக்கூடாது. மொட்டை மாடி உத்தமம்" அப்படின்னு சாரு சொன்னாரு.

கண்மாயைச் சுத்தி நாலு பக்கமும் வைக்கணும்னுதான் எனக்கும் பாய்க்கும் எண்ணம். கம்பெனிப் பக்கம் மடைக்கு மேல ஒண்ணு வச்சுப் பாத்தோம். செக்யூரிட்டி அன்னைக்கே சுருட்டி எடுத்துட்டுப் போயிட்டான். சரி, வடக்க நடுத்தெரு இருக்கு, அங்க ரெண்டு வைப்போம்னு போனோம். நடுத்தெருவுக்கும் அதே உப்புத் தண்ணிதானே? அவங்க கல்யாண மண்டபமே பாதி கண்மாய்க்குள்ளதானே நிக்குது? மாடி கிடைக்காமலா போயிரும்னு நினைச்சேன். புத்தி கெட்டவ நான்.

மண்டபத் தலைவர் சௌந்தரபாண்டி வாசல்லயே நின்னாரு. விசயத்தையெல்லாம் கேட்டுக்கிட்டாரு. "நல்ல காரியம். ஊருக்கு ஒரு வழி பொறக்கும். பாய், நீங்க மேல போய் வச்சிட்டு வாங்க. புள்ளை கீழ நிக்கட்டும்" அப்படின்னாரு.

"குறியை அளந்து வைக்கத் தெரிஞ்சவ அவதாங்க. நான் காத்தடிக்கறவன்" அப்படின்னு பாய் சொன்னாரு.

அவரு என்னைப் பாத்தாரு, மாடிப்படியைப் பாத்தாரு. "மேல வத்தல் காயுது தாயி" அப்படின்னாரு.

மண்டபத்து மாடில என்ன வத்தல்னு எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. பாய் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனாரு. அடுத்த வீடு போனோம், வத்தல் காயுது. அதுக்கடுத்த வீடு, கொத்தவரங்கா வத்தல். ரேஷன் கடைக்காரர் வீடு, வடகம். ஓட்டு வீட்டுக்காரன்கூட வத்தல் காயுதுன்னான்யா, ஓட்டு மேல! அன்னைக்கு நடுத்தெரு பூராவும் வத்தல் காஞ்சுச்சு. இந்த ஜில்லாவுக்கே அவங்கதான் வத்தல் போடறாங்க போல. கிழக்குத் தெருக்காரி கால் பட்டா வத்தல் நமத்துப் போயிரும்னு நேரடியாச் சொல்லியிருந்தாக்கூட நான் ஒரு வார்த்தை வைஞ்சுட்டு வந்திருப்பேன். சிரிச்சுக்கிட்டே சொல்றானுங்க, அதான் தாங்கல.

எங்க தெருவுல அதுக்கு நேர் மாறு. "எங்க மாடில வை", "இல்ல எங்க மாடில வை"ன்னு சண்டை. கவர்மெண்ட் கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடுங்க அதெல்லாம். கண்மாய் வத்திக் கெடந்த காலத்துல, தண்ணி ஏறாத மூலைன்னு சொல்லி அந்த இடத்துல கட்டிக் கொடுத்தது. மாடின்னா பெருசா ஒண்ணும் இல்ல, ஏணி போட்டு ஏறணும். ஆனா யாரும் வத்தல் காயப்போடல. பழைய காதுகுத்து பிளெக்ஸையெல்லாம் குப்புறப் போட்டு, வெள்ளைப் பக்கம் தெரியற மாதிரி வெட்டி, பூங்கோதை அக்கா உக்காந்து நாலு சிலுவை தைச்சுக் கொடுத்துச்சு. நாலும் எங்க தெருவுக்குள்ளயே வச்சு, ஜில்லா ஆபீஸ்ல குழுவையும் குறியையும் பதிஞ்சோம். வக்கீலுக்குப் போன் போட்டு, "எல்லாம் ஒரே பக்கமா இருக்கே சார்"னேன்.

"நாலு இருக்கணும்னுதான் சட்டம். எங்க இருக்கணும்னு சொல்லல. சுவரு கண்மாய்க்குள்ள நிக்கறது குருடனுக்கும் தெரியும், விடும்மா" அப்படின்னாரு.

வைகாசியில மேற்க இருந்து மேகாத்து அடிக்கும். அதனால ஊருக்கு மேற்க போய்த் தரிசுல இருந்து விட்டோம். பாய் பிஸ்மி சொன்னாரு, நான் எங்க காளியைக் கும்பிட்டேன். பலூன் எழும்பறதுக்கு முன்னாடி தெருவுல இருந்து போன் மேல போன். என்னன்னா, பொம்பளைங்க பூராவும் நல்ல சேலையைக் கட்டிக்கிட்டு மாடில ஏறி நிக்குதுங்களாம். "அடியே, அங்க இருந்து ஆளு தெரியாதுடி, எறும்பு அளவுகூடத் தெரியாது"ன்னேன். "தெரியாட்டி என்ன, நாங்க நிக்கறோம்"னாங்க. கல்யாண போட்டோன்னாக்கூட எங்களை ஓரத்துல நிக்கவைக்கற ஊரு. மேல இருந்து ஒரு கண்ணு பாக்கப் போகுதுன்னா நடுவுல நிக்கணும்னு ஆசை இருக்காதா?

பலூன் நல்ல பிள்ளையாப் போச்சு. வெடிச்சு, பாராசூட் விரிஞ்சு, கடற்கரைப் பக்கம் ஒரு கருவேலங்காட்டுக்குள்ள விழுந்துச்சு. முள்ளுல பாயோட வேட்டி கிழிஞ்சு போச்சு. "இதுக்கு நான் கல்யாண வீட்டுல ஹார்ட்டு பலூனே கட்டியிருப்பேன் தங்கச்சி"ன்னு வைஞ்சுக்கிட்டே பெட்டியைத் தூக்கிட்டு வந்தாரு. கடையில டிவியில மாட்டிப் பாத்தோம். ஆத்தாடி! கண்மாய் முழுசா, கை விரிச்ச மாதிரி கெடக்கு. அதுக்குள்ள கம்பெனிச் சுவரு கத்தியைச் செருகுன மாதிரி. கடை வாசல்ல எங்க தெரு மொத்தமும் நிக்குது. "இந்தா எங்க வீடு", "அந்தா எங்க தண்ணித் தொட்டி", "ஐயோ எங்க கோழிக்கூண்டு"ன்னு ஒரே சத்தம். அப்படி ஒரு சந்தோசத்தை எங்க தெருவுல நான் பாத்ததே இல்ல. சத்தியமாச் சொல்றேன், எனக்கும் தலைகால் புரியல.

கோர்ட்டுல நடந்தது எதுவும் எனக்கு நேராத் தெரியாது. வக்கீலு போவாரு, வருவாரு. மழைக்காலம் முடிஞ்சு ஒருநாள் கடைக்கு வந்து உக்காந்தாரு. தண்ணி கேட்டாரு. உப்புத் தண்ணின்னு தெரிஞ்சே குடிச்சாரு.

"கேஸ் ஜெயிச்சிருச்சும்மா."

"அப்புறம் ஏன் சார் எழவு வீட்டுக்கு வந்த மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"கண்மாயை முழுசா மீக்கணும்னு உத்தரவு. உள்ள இருக்கற எல்லா ஆக்கிரமிப்பையும் எடுக்கணும். எல்லாத்தையும்."

எனக்குச் சட்டுன்னு வெளங்கல. "நாம சுவத்தைப் பத்தித்தானே சார் கேட்டோம்?"

"நாம கேட்டது ஒண்ணு, அவங்க கொடுத்தது ஒண்ணு. படத்துல கிழக்குத் தெரு கண்மாய் எல்லைக்குள்ள இருக்கு. சந்தேகமே இல்ல, அரையடி பிசகாம இருக்கு. நம்ம படம்தான் சாட்சி."

"அப்ப நடுத்தெரு மண்டபம்? அது பாதி உள்ள இருக்கே!"

"அது குறியில இருந்து தள்ளி இருக்கு. அளவுல பிசகு இருக்கலாம்னு கோர்ட் சொல்லுது. சந்தேகத்தோட பலன் அவங்களுக்கு."

"சுவரு?"

சாரு டம்ளரைப் பாத்துக்கிட்டே சொன்னாரு. "சுவரு இன்னும் தூரம். அவனோட வக்கீல் பெரிய ஆளு. எத்தனை மீட்டர் உள்ள இருக்குன்னு உறுதியாச் சொல்ல முடியலையாம். அந்தப் பக்கத்துக்கு மட்டும் சாட்டிலைட் படம் கொண்டு வரணும்னு சொல்லிட்டாங்க. மனுதாரர் செலவுல."

அஸ்கர் பாய் சத்தமாச் சிரிச்சாரு. சிரிப்பு மாதிரியே இல்ல அது. "அதாவது, மாடில ஏறாதேன்னு சொன்னவன் வீடு தப்பிச்சிருச்சு. வா தாயி, ஏறு தாயின்னு சொன்னவன் வீடு போச்சு. இதுதானே வக்கீல் சார் சட்டம்?"

"நான் என்ன பாய் செய்ய முடியும்?"

"குருடனுக்கும் தெரியும்னீங்களே சார்" அப்படின்னேன். அவருக்கு மூஞ்சி செத்துப்போச்சு. சொல்லியிருக்கக் கூடாதுதான். ஆனா சொன்னதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல.

அப்பீல் போட்டோம், ரோட்டுல உக்காந்தோம், எல்லாம்தான் செஞ்சோம். வீட்டு வரி ரசீது, கரண்ட் பில்லு, கவர்மெண்டே கட்டிக் கொடுத்த வீடுன்னு கல்வெட்டு, எல்லாத்தையும் காட்டுனோம். அதெல்லாம் அந்தக் காலத்துல தப்பாக் கொடுத்ததுன்னு சொல்லி ஒரே வரியில ரத்து பண்ணிட்டாங்க. கொடுத்தவன் தப்பு, போறது வாங்குனவன் வீடு.

இடிக்க வந்தவங்க குறி வச்ச மாடிகள்ல இருந்துதான் ஆரம்பிச்சாங்க. அளவு அங்கதான் சுத்தமா இருக்காம், அங்க இருந்து அளந்துக்கிட்டே போறது சுலபமாம். நடுத்தெருக்காரங்க கரைமேல நின்னு பாத்தாங்க. சௌந்தரபாண்டி குடம் குடமா மோர் அனுப்பி வச்சாரு. எங்க ஆளுங்க வாங்கிக் குடிச்சாங்க. என்ன செய்யறது, வெயிலு அப்படி. நான் மட்டும் குடிக்கல.

அதுக்கப்புறம் மாற்று மனை தர்றோம்னு ஒரு அறிவிப்பு. உப்பாத்துக்கு அங்கிட்டு, பஸ்ஸு போகாத பொட்டல்ல. சரி, அதாவது கிடைக்கட்டும்னு தாலுகா ஆபீசுக்குப் போனா, அங்க என்னையும் கூப்பிட்டு உக்கார வச்சிருக்காங்க. எதுக்குன்னா சாட்சிக்கு. ரசீதெல்லாம்தான் ரத்தாகிப் போச்சே, யாரு அங்க குடியிருந்தான்னு எப்படித் தெரியும்? படத்தை வச்சுத்தான். ஒவ்வொரு குடும்பமா வந்து டிவியில தெரியற படத்துல தன் வீட்டைத் தொட்டுக் காட்டணும். நான் ஆமான்னு சொல்லணும். அப்புறம் அவங்க, கண்மாயை ஆக்கிரமிச்சு இருந்தது நான்தான்னு ஒத்துக்கிட்டுக் கைநாட்டு வைக்கணும். ஒத்துக்கிட்டா மனை. ஒத்துக்காட்டி வெறுங்கை.

என் கடை வாசல்ல "எங்க வீடு, எங்க வீடு"ன்னு துள்ளுன அதே சனம். இப்ப வரிசையில வந்து, விரலை நீட்டி, "இது எங்க வீடும்மா"ன்னு மெதுவாச் சொல்லுது. நான் "ஆமா", "ஆமா"ன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன். என் வீட்டையும் நானே தொட்டுக் காட்டிட்டு நானே ஆமான்னேன்.

பூங்கோதை அக்கா வந்துச்சு. டிவி முன்னாடி நின்னு கண்ணைச் சுருக்கிப் பாத்துச்சு. விரலை இங்கிட்டும் அங்கிட்டும் கொண்டு போச்சு. "எங்கடி வினோ?"

எனக்கு அப்பத்தான் தெரிஞ்சுச்சு. அக்கா வீட்டுக்கு மேல ஒரு தூங்குமூஞ்சி மரம், குடை விரிச்ச மாதிரி அவ்வளவு பெருசு. எங்க தெருவுக்கே அதான் நிழலு. படத்துல அந்த இடத்துல பச்சைதான் இருக்கு. கூரையும் இல்ல, சுவரும் இல்ல.

"அந்த மரத்துக்கு அடியிலதான் மேடம் இவங்க வீடு. நான் சாட்சி. தெருவே சாட்சி"ன்னேன்.

தாசில்தாரம்மா கெட்டவங்க இல்ல. நிதானமாத்தான் சொன்னாங்க. "படத்துல இல்லையேம்மா. படத்துல இருந்த வீடுகளைத்தான் நாங்க இடிச்சோம். படத்துல இல்லாத வீட்டை இடிச்சோம்னு நான் எப்படி எழுதறது?"

"அப்ப என் வீட்டை இடிச்சது யாருங்க?" அப்படின்னு அக்கா கேட்டுச்சு. கோபமாக்கூட இல்ல. நிஜமாவே தெரிஞ்சுக்கணும்ங்கற மாதிரி.

"இடிக்கலைன்னுதான் ரெக்கார்டு."

"சரிங்க, அப்ப நான் எங்க இருந்தேன்?"

மரம் வளர்றதுக்கு முந்தி எடுத்த சாட்டிலைட் படம் இருந்தா வாங்கிட்டு வாங்க, பரிசீலிக்கலாம்னாங்க. நான் எந்திரிச்சு வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். என்னை வெளிய போகச் சொல்லிட்டாங்க. அக்காதான் என்னைச் சமாதானப்படுத்திக் கூட்டிட்டு வந்துச்சு. வீடு போனது அதுக்கு, ஆறுதல் எனக்கு. கருமம்.

எல்லாரும் உப்பாத்துக்கு அங்கிட்டுப் போயிட்டாங்க. நான் கடைக்குள்ளயே தங்கிக்கிட்டேன். அக்காவை என்கூட வந்து கடையிலயே இருன்னு கூப்பிட்டேன். வரல. எங்க போச்சுன்னு நானும் பாயும் தேடிப் போனா, அந்த மரத்தடியில உக்காந்திருக்கு. கண்மாய்க்குள்ள இருக்கற மரம் எதையும் வெட்டக்கூடாதுன்னு அதே உத்தரவுல இருக்கு. அதனால தெருவே தரைமட்டமாக் கெடக்க, மரம் மட்டும் நிக்குது. ஒடஞ்ச செங்கலை அடுக்கி முட்டளவு சுவரு வச்சிருக்கு. தார்ப்பாய், அடுப்பு, தையல் மிஷினு.

"என்னக்கா இது?"

"இங்கதான்டி நான் இல்லன்னு எழுதியிருக்காங்க. இல்லாதவளை எவன் வந்து காலி பண்ணுவான்?" அப்படின்னு சொல்லிட்டு அக்கா சிரிச்சுச்சு. எனக்குச் சிரிப்பு வரல.

இது இத்தோட முடிஞ்சாலும் பரவால்ல. கோர்ட்டுல இருந்து எங்க குழுவுக்கு ஒரு உத்தரவு வந்துச்சு. பாராட்டுப் பத்திரம் மாதிரி பேச்சு, அடியில வேலை. மறுபடி யாரும் கண்மாய்க்குள்ள குடியேறாம இருக்காங்களான்னு வருசா வருசம் பலூன் விட்டுப் படம் எடுத்து, நாங்களே சான்று கொடுக்கணுமாம். கம்பெனிச் சுவரு பக்கம் பாக்க வேண்டாமாம், அது தனி வழக்குல நிலுவையில இருக்காம். பாய் பத்திரத்தை மடிச்சு வச்சுட்டு, "வேலில போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டோம் தங்கச்சி. முடியாதுன்னு சொல்லிருவோம்"னாரு.

"நாம முடியாதுன்னா வேற ஊரு குழுவை விடுவாங்க பாய். அவன் எந்த நேரத்துல விடுவானோ?"

பாய் என்னையே பாத்தாரு. தூங்குமூஞ்சி மரத்தோட குணம் அவருக்கும் தெரியும். காலையில இலை சரியா விரியாது, சாயங்காலம் மூடிக்கும், மப்பு போட்டாலும் மூடிக்கும். மூடிக்கிட்டா மேல இருந்து பாக்கறதுக்குச் சல்லடை மாதிரி. அடியில தார்ப்பாய் நீலமா தெரியும், அடுப்புப் புகை தெரியும்.

வைகாசி பொறந்துச்சு. தாலுகா ஆபீஸ்ல இருந்து ஒரு ஆளு கூட வந்தாரு, காலையிலயே விட்டுட்டுச் சீக்கிரம் கிளம்பலாம்னாரு. "காலையில நிழலு நீளமா விழும் சார், அளவு கெட்டுப்போகும். அப்புறம் என்னைக் கேக்கக்கூடாது"ன்னேன். அளவுன்னா அவங்களுக்குப் பயம். ஒத்துக்கிட்டாரு. உச்சி வெயில்ல, வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்லாம, விட்டோம். பூங்கோதை அக்காகிட்ட முந்தியே சொல்லி வச்சிருந்தேன், அடுப்பு மூட்டாதேன்னு.

படம் வந்துச்சு. ஆபீஸ் ஆளு கிட்ட வந்து உத்து உத்துப் பாத்தாரு. கிழக்குத் தெரு இருந்த இடம் வெறும் மண்ணு. நடுவுல ஒரு பச்சை வட்டம், ஒரு பொத்தல் இல்ல.

"யாரும் இல்லையேம்மா?"

அக்கா அங்க இருக்குன்னு சொன்னா அந்த முட்டளவு சுவத்தையும் இடிப்பாங்க. இல்லன்னு என் கையால எழுதிக் கொடுத்தா, பூங்கோதைன்னு ஒருத்தி அங்க இருந்தாங்கறதுக்கு இனி ஜென்மத்துக்கும் சாட்சி கிடையாது. மனையும் கிடையாது. வருசா வருசம் நானே வந்து அவளை இல்லாம ஆக்கிட்டுப் போகணும்.

"யாரும் இல்ல சார்"னு கையெழுத்துப் போட்டேன்.